பதினான்கு மொழிப் பாட்டும் ஈரோடு வரை போன காரும்

அன்று பந்தலுக்கு வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்வரிசை சோபாக்களில் முதலாளி, அவர் துணைவியார், ஜெனரல் மேனேஜர், இவர்களுக்கு நடுவில் பம்பாயிலிருந்து வந்த அரசாங்க அதிகாரி. இரண்டாம் வரிசையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு யூனியன் தலைவர்கள். அவர்கள் கைகலக்காமல் இருக்க நடுவில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். பின்னால் ஜமுக்காளம் நிறைய மூன்று ஷிப்டுத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும். வலது ஓரமாக, பாட்டைக் கேட்க அல்லாமல் பாட்டைக் கண்காணிக்க வந்த கல்லூரி மாணவர்கள் பதினோரு பேர்.

வராதவர்கள் இருவர். ஒருவர், அந்த நிகழ்ச்சிக்கு முழுப் பொறுப்பாளரான லேபர் ஆபீசர் பொன்னுரங்கம், அவருக்குக் காய்ச்சல். மற்றவர் இந்தி. அதற்கு என்ன வந்தது என்று அறுபத்தைந்தாம் ஆண்டில் கோயமுத்தூரில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் எங்கள் மில்லின் இன்றைய அலுவலகப் பையன்கள் இருவர் வீட்டுக்கு வந்து, ஆண்டு விழாவை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்கள். பந்தல், பாட்டு, பூச்செண்டு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். "உங்க காலத்துல இதையெல்லாம் யாருங்க சார் பார்த்தாங்க?" என்று ஒருவர் கேட்டார். நான்தான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு அந்தக் கம்பெனிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றக்கூடும்.

நான் பெருந்துறைப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய செய்தி வந்ததும் அப்பா என் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன வேலைடா குடுப்பாங்க?" என்று கேட்டார். பெரியநாயக்கன்பாளையம் சாலையில் இருந்த ஒரு நூல் மில்லில் லேபர் ஆபீஸ் குமாஸ்தா வேலை கொடுத்தார்கள். தற்காலிகம். விபத்துப் பதிவேடு எழுதவும், கேன்டீன் டோக்கன் அடுக்கவும், லீவுக் கடிதத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கற்றுக்கொள்ள எதுவும் இருக்கவில்லை, ஆனாலும் தற்காலிகம்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு தாளை நீட்டுவார்கள், கையெழுத்துப் போட்டு இன்னும் மூன்று மாதம் தற்காலிகமாவேன்.

என் மேலதிகாரி பொன்னுரங்கம் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. மிக மரியாதையான மனிதர். திட்டும்போதுகூட 'ங்க' குறைய மாட்டார். "மாரப்பன், உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா? இருந்தா அதை வேலைக்குக் கொண்டாந்தா என்னங்க?" என்பார். எந்தக் கோரிக்கைக்கும் 'முடியாது' என்று சொன்னதே இல்லை. "பார்ப்பமுங்க" என்பார். பார்க்கவே மாட்டார். முக்கியமான விஷயம், அவர் எந்தக் கோப்பிலும் மையால் சுருக்கொப்பம் இட்டதில்லை. பென்சிலால் இடுவார். காரியம் நல்லபடியாக முடிந்தால் அதன் மேலேயே பேனாவை ஓட்டுவார். முடியாவிட்டால் மேசை இழுப்பறைக் கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த ரப்பர் இருந்தது. இதை நான் முதலில் சிக்கனம் என்று நினைத்தேன்.

முதலாளிக்கு அந்த வருடம் நூல் நூற்கும் கதிர்களைக் கூடுதலாகப் போட லைசென்ஸ் வேண்டியிருந்தது. அதைப் பரிசீலிக்கும் அதிகாரி பம்பாயிலிருந்து மில்லைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்ததும், ஆண்டு விழாவை அதே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். முதலாளி வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், பாங்கில் இங்கிலீஷ் பேசுகிறவர். "நம்ம பந்தலுக்குள்ள இந்தியாவே வந்து உக்காரோணுமுங்க. அவரு அசந்து போகோணும்" என்றார்.

இந்தியாவை வரவழைப்பது கடினமாக இருக்கவில்லை. அது சிங்காநல்லூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. சாரதாமணி அம்மாள் என்ற பாடகி 'பாரத கானம்' என்று ஒரு மேடை நிகழ்ச்சி நடத்தி வந்தார். ரூபாய் நோட்டு போல, பதினான்கு மொழிகளில், அந்தந்த நாட்டு ஜனங்கள் அதிகம் பாடுகிற பாட்டு ஒவ்வொன்று. பஞ்சாபுக்கு ஒரு துப்பட்டா, காஷ்மீருக்கு ஒரு சால்வை, மராட்டியத்துக்கு மூக்கில் ஒட்டிக்கொள்ளும் ஒரு முத்து. இரண்டு பாட்டுக்கு நடுவே திரும்பி நின்று ஒரு மாநிலத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொள்வார். ஆர்மோனியம், தபலா, அக்கார்டியன் என்று கூட மூன்று பேர். எல்லாப் பாட்டும் ரேடியோவில் கேட்டுக் கற்றது. நான் ஒப்பந்தத் தாளுடன் போனபோது, "இத்தனை பாஷையும் தெரியுங்களா அம்மா?" என்று கேட்டேன்.

"தமிழே பாதிதான் தெரியும் கண்ணு. பாடறதுக்கு எதுக்குத் தெரியோணும்?" என்றார்.

அவர் நிகழ்ச்சியில் ஜனங்கள் காத்துக் கிடப்பது கடைசியில் வரும் இந்தி சினிமாப் பாட்டுக்காகத்தான். அந்த நாளில் கோயமுத்தூர் டீக்கடை ரேடியோக்களில் அதுதான் ஓடும். எங்கள் மில்லில் நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் பெண்கள் வேலை செய்துகொண்டே அதைத்தான் முணுமுணுப்பார்கள். ஆனால் மாணவர் போராட்டம் ஓய்ந்து சில மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தின் மேல் பூசிய தார் காயவில்லை. நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போன மறுநாளே கேட்டில் மாணவர்கள் வந்து நின்றார்கள். இந்தியில் ஒரு சொல் ஒலித்தாலும் மேடை ஏறிவிடுவார்களாம்.

பொன்னுரங்கம் சார் என்னை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"மாரப்பன், வர்ற ஆபீசர் வடக்கத்திக்காரருங்க. இந்திப் பாட்டு இல்லீன்னா அவருக்கு மனசு கோணிப் போயிரும். லைசென்ஸ் போச்சு. இந்திப் பாட்டு இருந்துச்சுன்னா பசங்க பந்தலைப் பிரிச்சுப்போடுவாங்க. பந்தல் போச்சு. என்னங்க செய்யலாம்?"

"நீங்க சொல்றதைச் செய்யறேனுங்க சார்."

"நான் சொல்றதுன்னு ஒண்ணு இருந்தா உங்களை எதுக்குங்க கூப்புடறேன்?" கொஞ்சம் யோசித்தார். "உருதுன்னு அச்சடிச்சுப்போட்டா யாருக்குங்க தெரியும்?"

"உருது ஏற்கெனவே அஞ்சாவது பாட்டா இருக்குதுங்க சார்."

"பார்ப்பமுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த விழா மட்டும் வில்லங்கமில்லாம முடிஞ்சுதுன்னு வைங்க, உங்களை பர்மனன்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன். முடியலீன்னா மூணு மாசத் தாள் அடுத்த தடவை வராதுங்க. அதையும் சொல்லிப்போடறேன்" என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடம் போனவர்களுக்கு வரும் வியாதி அது. யாராவது வாக்கியம் முழுதாகச் சொன்னால் நம்பிவிடுவோம். இரண்டு நாள் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்திப் பாட்டை வாய்ப்பாட்டாக இல்லாமல் அக்கார்டியனில் மட்டும் வாசிப்பது. மெட்டு இருக்கும், மொழி இருக்காது. குறிப்பெழுதி வைத்தேன். சார் படித்தார். பென்சிலை எடுத்தார். "உங்க மூளை இன்னைக்கு வேலைக்கு வந்துருக்குதுங்க" என்றார்.

மாணவர்களிடம் பேசவும் என்னைத்தான் அனுப்பினார்கள். தலைவன் என் வயதுதான். சட்டைப் பையில் பேனா, கண்ணில் நெருப்பு. நான் வாயைத் திறப்பதற்குள், "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்றான். பெருந்துறைப் பக்கம் என்றேன். "பெருந்துறையில எங்கீங்க?" அவன் அம்மா வழியில் எங்கள் பக்கத்து ஊர். அதோடு நெருப்பு பாதி தணிந்தது. எங்கள் சீமையில் ஊர் கேட்காமல் அடிதடிகூடத் தொடங்குவதில்லை. அக்கார்டியன் யோசனையைச் சொன்னேன்.

"பாட்டு மேல எங்களுக்கு என்னங்க கோவம்? நானே கேப்பனுங்க. நானா கேக்கறது வேற, நீ இதைப் படிச்சாத்தான் சோறுன்னு எவனோ சொல்றது வேற. ரெண்டையும் ஒரே மேடையில கொளப்பாதீங்க. வெறும் மெட்டுன்னா வாசிச்சுட்டுப் போங்க. ஆனா நாங்க உள்ள வந்து நிப்போமுங்க."

இத்தனை வருடங்களில் நான் கலந்துகொண்ட எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

விழா நாள் காலையில் பொன்னுரங்கம் சாருக்குக் காய்ச்சல் என்று சைக்கிளில் ஆள் வந்து சொன்னான். எத்தனை டிகிரி என்று கேட்டேன். "அதை சார் இன்னும் முடிவு பண்ணலீங்க" என்றான்.

இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டியது. ஆனால் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் பக்கத்தில் மேடைக்கு அழைத்தால் உடனே வருவது அகங்காரம். "எனக்கெதுக்குங்க மாலை, அண்ணனுக்குப் போடுங்க" என்று ஒருவர் நழுவ, அண்ணன், "நம்ம ஸ்பின்னிங் மாஸ்டர் இருக்கறப்ப நானுங்களா" என்று ஒதுங்க, மாஸ்டர் ஜெனரல் மேனேஜரைக் கைகாட்ட, ஒரே ரோஜா மாலை நாலு கழுத்தைத் தொட்டு முதலாளியிடம் போய், அவர் அதைக் கழற்றி முதலாமவருக்கே போட்டுவிடுவார். இப்படிப் பதினாறு மாலைகள். பம்பாய் அதிகாரி ஒருவர் மட்டுமே போட்டதும் குனிந்து வாங்கிக்கொண்டார். பாவம், வெளியூர்.

சாரதாமணி அம்மாள் முதல் பாட்டைத் தொடங்கும்போது மணி மூன்றேகால். தமிழ் முதலில், முதலாளி வீட்டுக்காகத் தெலுங்கு இரண்டாவது. நான் மேடை ஓரத்தில் நிரலோடு நின்றேன். மலையாளம், கன்னடம், உருது, மராத்தி என்று ஒவ்வொரு நாடாகப் போய்க்கொண்டிருந்தது. பஞ்சாப் துப்பட்டாவைக் கட்டும்போது ஜெனரல் மேனேஜரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது: 'அதிகாரிக்கு ஐந்து நாற்பதுக்கு ரயில். இரண்டு பாட்டுக் குறைக்கவும்.'

எதைக் குறைப்பது? கேட்கச் சாருக்குக் காய்ச்சல். நான் முறையாக யோசித்தேன். எங்கள் மில்லில் மலையாளிகள் உண்டு, கன்னடக்காரர்கள் உண்டு, ஒரு மராட்டிய ஃபிட்டர் உண்டு. ஒரியாவும் பெங்காலியும் பேச யார் இருக்கிறார்கள்? இரண்டையும் அடித்து மேடைக்கு அனுப்பினேன். அம்மாள் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இந்தியா இரண்டு மாநிலம் குறைந்தது. பந்தலில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அக்கார்டியன் வந்தது. அம்மாள் மைக்கை விட்டு நகர்ந்து உட்கார்ந்து வெந்நீர் குடித்தார். மாணவர்கள் கையைக் கட்டி நிமிர்ந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். முதல் அடி முடிந்தது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் அடியில் கோன் வைண்டிங் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. பல்லவி திரும்பி வந்தபோது ஜமுக்காளம் முழுவதும் பாடியது. சொல்லோடு. அது என்ன மொழி என்று இந்தி பேசுகிறவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கும், அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு. இரண்டாம் வரிசையில் இரு யூனியன் தலைவர்களும் இருபது வருடத்தில் முதல்முறையாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் மாணவத் தலைவனைப் பார்த்தேன். அவன் கூட்டத்தைப் பார்த்தான், பிறகு பக்கத்தில் நின்ற தன் ஆளைப் பார்த்தான். அந்த ஆளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. "டேய்!" என்று முழங்கையால் ஒரு இடி. பிறகு என்னிடம் வந்து, "மேடையில யாரும் பாடலீங்களே. எங்க பேச்சு மேடையைப் பத்தித்தானுங்க. வாரேனுங்க" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

பந்தல் நின்றது. அதிகாரி சிரித்த முகமாகக் கைதட்டினார். நான் பர்மனன்ட் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வழியனுப்பும் மரியாதைகள் எல்லாம் முடிந்த பிறகு, அவரை ரயிலேற்ற மில் காரில் டிரைவர் சுப்பண்ணனோடு என்னையே அனுப்பினார்கள்.

கேட்டைத் தாண்டியதும் அதிகாரி கையிலிருந்த ஆங்கில நிரலை விரித்து, மிகப் பணிவாக இங்கிலீஷில் கேட்டார். "பதினொன்றாவது வங்காளப் பாட்டு என்று போட்டிருந்தது. நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனா?"

"நேரமில்லை என்று எடுத்துவிட்டோம் ஐயா."

"ஓ. பரவாயில்லை." நிரலை மடித்தார். "நான் வங்காளி. பம்பாயில் வேலையே தவிர, ஊர் பத்மா நதிக்கு அந்தப் பக்கம். அந்த ஊர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறது. அதனால் அந்த ஒரு பாட்டுக்காகக் கொஞ்சம் காத்திருந்தேன்."

வாசலுக்கு வரும் வளையல்காரரிடம்கூட எந்த ஊர் என்று கேட்காமல் தண்ணீர் கொடுக்காத ஊர் எங்களுடையது. லைசென்ஸ் கொடுக்க வந்த மனிதரிடம் முதலாளி முதல் குமாஸ்தா வரை ஒருவரும் கேட்கவில்லை. சென்னைக்கு வடக்கே எல்லாம் ஒரே வடக்கு என்று இருந்துவிட்டோம். பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "எடுத்தது நான்தான் ஐயா" என்றேன்.

அப்போது பஸ் ஸ்டாப் வந்தது. 'பாடகி குழுவின் போக்குவரத்து அவர்கள் பொறுப்பு' என்று ஒப்பந்தத்தில் நானே எழுதியிருந்தபடி, பாரத கானம் முழுவதும் புளியமரத்தடியில் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தது. அம்மாள் ஆர்மோனியப் பெட்டி மேல் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நிறுத்துங்க" என்றேன்.

"தம்பி, நிறுத்திப்போட்டா ரயில் போயிருமுங்க. அப்பறம் உங்க வேலையும் அது பின்னாலயே போயிரும்" என்றார் சுப்பண்ணன், நிறுத்திக்கொண்டே.

விஷயத்தைச் சொன்னேன். அம்மாள் எழுந்து முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு, "இதுக்கு எதுக்கு கண்ணு இத்தனை முழி? பாடினாப் போச்சு" என்றார். துப்பட்டா, சால்வை எதுவும் இல்லை. மேடையில் எப்படிப் பாடுவாரோ அப்படியே, சிரித்துக்கொண்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு பாடினார். அதிகாரி காருக்குள்ளிருந்து இறங்கி நின்றார். பாட்டு முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் மொழிபெயர்க்க நேர்ந்தது.

"அம்மா, இது ஒரு படகுக்காரன் பாட்டாம். ஆத்துல போன மகன் திரும்பி வரலைன்னு அழற பாட்டாம்."

அம்மாள் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. "அட சாமி! எட்டு வருசமா இதையக் கலியாண ஊட்டுல எல்லாம் பாடிட்டிருக்கறனே! ஒருத்தராச்சும் சொன்னாங்களா?" பிறகு அதிகாரியைப் பார்த்து, "இன்னொருக்கா பாடறனுங்க. இந்தத் தடவை ஒழுங்கா" என்றார்.

இந்தத் தடவை தோள் அசையவில்லை. ஆர்மோனியக்காரர் பெட்டியைத் திறக்கவில்லை. டவுன் பஸ் வந்து நின்று, கண்டக்டர் கேட்டுவிட்டு, விசில் ஊதாமல் படியிலேயே நின்றார். மணி பார்க்கும் பொறுப்பு என்னுடையது. நான் பார்க்கவில்லை.

பார்த்தபோது ஐந்தரை ஆகியிருந்தது. ஸ்டேஷனுக்குப் போனால் ரயிலின் புகையைத்தான் பார்க்கலாம். "ஈரோட்டுல புடிச்சுப்போடலாமுங்க, அவனாசி ரோட்டுல உட்டா" என்றார் சுப்பண்ணன். ஜெனரல் மேனேஜரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்கப் போனால் ஈரோட்டிலும் புகைதான். "விடுங்கண்ணா" என்றேன். என் வாழ்க்கையில் பென்சிலால்கூட யாரும் ஒப்பமிடாத ஒரே உத்தரவு அதுதான். வழியில் ஒரு டயர் வெடித்தது. எங்கள் ஊர்ப் பக்கமாகப் போனபோது நானும் சுப்பண்ணனும் வியர்வையில் நனைந்திருந்தோம். அதிகாரி அந்தப் பாட்டை மெல்லப் பாடிக்கொண்டே வந்தார். ஈரோடு ஜங்ஷனில் கார்டு பச்சை விளக்கைத் தூக்கும்போது அவரை ஏற்றினோம்.

படியில் நின்று கை கொடுத்தார். "உங்கள் மில்லின் மனுவைப் பம்பாயிலேயே படித்துவிட்டேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. லைசென்ஸ் கொடுப்பதென்று எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன்" என்றார். ரயில் நகர்ந்தது. பந்தல், பதினாறு மாலை, இந்தியா எல்லாம் எதற்காக என்று நானும் சுப்பண்ணனும் பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு டீ குடித்தோம்.

மறுநாள் காலை பொன்னுரங்கம் சாருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. என் குறிப்பின் ஓரத்தில் பென்சில் இருந்த இடம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. "மாரப்பன், மில் காரை யாரைக் கேட்டுங்க ஈரோட்டுக்கு விட்டீங்க? உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைங்க! அதையெல்லாம் கெடுத்துப்போட்டீங்களே" என்று வருத்தப்பட்டு, மெமோ கொடுத்தார். பெட்ரோல், டயர், டிரைவர் படி எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு ரூபாய் அறுபது காசு. அதை என்னிடம் வசூலித்துவிட்டு, மூன்று மாதத் தாளை நிறுத்திவிடுவதாக முடிவு. நாற்பத்தொரு ரூபாய் என்பது என் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி. ஊருக்கு அனுப்பியது போக என் கையில் நாலு ரூபாய் இருந்தது.

காப்பாற்றியது கேஷியர். நல்ல எண்ணத்தால் அல்ல. அவருக்கு நல்ல எண்ணம் என்று எதுவும் கிடையாது, சட்டப் புத்தகம்தான் உண்டு. நிலையாணைகளைப் புரட்டி, ஒரே மாதத்தில் இவ்வளவு பிடிக்கக்கூடாது, தவணையில்தான் பிடிக்க வேண்டும் என்றார். சரி, தவணை என்றார் சார். தற்காலிக ஊழியனிடம் தவணைப் பிடித்தம் செய்ய விதியில் இடமில்லை என்றார் கேஷியர். அப்படியானால் வேலையை விட்டு நிறுத்திவிடலாமே? நிறுத்தினால் தொகை பாக்கி நிற்கும், ஆடிட்டருக்கு யார் பதில் சொல்வது?

மூன்று நாள் கோப்பு மேலும் கீழும் போனது. நாலாம் நாள் பொன்னுரங்கம் சார் என்னை அழைத்து, முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினார். 'மேற்படி தொகையை எட்டுத் தவணைகளில் வசூலிக்க ஏதுவாக, மேற்படியாரை இன்று முதல் நிரந்தரம் செய்து உத்தரவாகிறது.' சுருக்கொப்பம் மையில் இருந்தது. பென்சில் உத்தரவைக் கேஷியர் வாங்கமாட்டார்.

எட்டாவது தவணை கட்டி முடித்தபோது என்னை அனுப்பிவிடலாம் என்று யாருக்கும் நினைவு வரவில்லை. நிரந்தரம் ஆனவனை அனுப்ப வேறு விதி வேண்டும். நான் முப்பத்தோரு வருடம் அங்கே இருந்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலை பழைய சம்பளப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். அந்த நாற்பத்தொரு ரூபாய் அறுபது காசை என்னிடமிருந்து வசூலிக்க மில்லுக்கு ஆன செலவு, சம்பளம், போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் உட்பட, நாலு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.